தரை: தோட்ட லயம் முதல் தமிழ்ப்பள்ளி வரை



தமிழ்ப்பள்ளிகளில் புதிய கட்டடம் எழும்போதும், பழைய கட்டடம் சீரமைக்கப்படும்போதும் நடைபெறும் கூட்டங்கள் பலவற்றில் நான் அமர்ந்திருக்கிறேன். சுவரின் வண்ணம் குறித்து ஒரு மணி நேரம் பேசுவார்கள். நுழைவாயில் வளைவில் எவர் பெயரைப் பொறிப்பது என்பது குறித்து மேலும் ஒரு மணி நேரம் செல்லும். தரை என்று வரும்போது மட்டும், "பளபளன்னு இருக்கிற ஓடாப் பார்த்துப் போட்டுடுங்க" என்று ஒருவர் கூறுவார், மற்றவர்கள் தலையசைப்பார்கள், இரண்டே நிமிடத்தில் பேச்சு முடிந்துவிடும். அந்தத் தரையின்மேல்தான் ஓர் ஆசிரியர் நாள்தோறும் நான்கைந்து மணி நேரம் நிற்கப் போகிறார், முந்நூறு பிள்ளைகள் ஓடப் போகிறார்கள், துப்புரவுப் பணி செய்யும் அம்மையார் குனிந்து நிமிரப் போகிறார் என்பதை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

வேலை செய்யும் இடத்தின் அமைப்பு மனிதனின் உடலையும் மனத்தையும் எவ்வாறு மாற்றுகிறது என்பது குறித்து இன்று மேலை நாடுகளில் நூல்கள் குவிகின்றன. வெளிச்சம், காற்றோட்டம், இருக்கை, தரை விரிப்பு என்று ஒவ்வொன்றையும் ஆராய்கிறார்கள். குளிரூட்டிய அலுவலகங்களில் பணிபுரிவோருக்காகவே அவை எழுதப்பட்டவை போல் நமக்குத் தோன்றலாம். மலேசியத் தமிழரின் வரலாற்றில் தரை ஒரு சிறு செய்தி அன்று. வேலைக்காட்டின் தரையும், வேலை முடிந்து படுத்த இடத்தின் தரையும் நம் முன்னோரின் இரத்தத்தைக் குடித்திருக்கின்றன. இதை நான் உவமையாகச் சொல்லவில்லை; மருத்துவ உண்மையாகவே சொல்கிறேன்.

முதலில் எங்கள் ஊரைப் பற்றிச் சில சொற்கள். ஈப்போவிலிருந்து கோப்பெங் செல்லும் பழைய சாலையில், கேமரன் மலைக்குப் பிரியும் முச்சந்திதான் சிம்பாங் பூலாய். 'சிம்பாங்' என்னும் மலாய்ச் சொல்லுக்கே சந்திப்பு என்றுதான் பொருள். ஊரைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் மலைகள் செங்குத்தாக எழுந்து நிற்கின்றன. ஈப்போத் தமிழர்கள் கல்லுமலை என்றழைக்கும் குகைக் கோவிலின் மலையும் இதே கல்லினத்தைச் சேர்ந்ததுதான். பல கோடி ஆண்டுகளுக்கு முன்பு கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல்லின் ஊடே, பிற்காலத்தில் நிலத்தின் ஆழத்திலிருந்து கருங்கல் குழம்பு எழுந்து வந்தது. அந்த வெப்பத்தில் சுண்ணாம்புக்கல்லின் ஒரு பகுதி பளிங்காக மாறியது. கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயமும் அக்கருங்கல்லோடு வந்ததே. ஆகவே எங்கள் ஊரில் வெட்டி எடுக்கப்படும் கல் ஒருபுறம் பளிங்குப் பலகையாகவும், மறுபுறம் பொடியாகவும், சாலைக்கு இடும் சல்லியாகவும் நாடெங்கும் செல்கிறது. ஈப்போவின் வடபுறத்தில் இயங்கும் சிமெண்டு ஆலைகளும் இத்தகைய சுண்ணாம்புக்கல்லையே நம்பி எழுந்தவை. சுருங்கச் சொன்னால், நாட்டு மக்கள் நின்று நடமாடும் தரையின் ஒரு பகுதி எங்கள் பள்ளத்தாக்கின் மலைகளிலிருந்து போகிறது. கல் உடைக்கும் ஓசையைக் கேட்டுக்கொண்டே வகுப்பு நடத்தியவர்கள் எங்கள் வட்டாரத்தில் உண்டு.

இத்தகைய மலைகளின் அடிவாரத்தில், ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர்கள் பல பத்தாண்டுகள் மண்தரையில் படுத்து எழுந்தார்கள்.

மண்தரை இழிவானது என்று நான் கூற வரவில்லை. தமிழ்நாட்டுக் கிராமங்களில் மண்தரை ஒரு நல்ல தொழில்நுட்பம். களிமண்ணை இடித்துக் கெட்டித்து, சாணம் கரைத்து மெழுகினால் தூசி பறக்காது. வெயிற்காலத்தில் காலுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். விரிசல் கண்டால் அந்த வார வெள்ளிக்கிழமையே வீட்டுப் பெண்கள் மீண்டும் மெழுகிவிடுவார்கள். தரைதான் நம்மவரின் மேசையும் நாற்காலியும் கட்டிலும். திண்ணைப் பள்ளியில் மாணவன் மணலைப் பரப்பி விரலால் அகரம் எழுதினான். தரையே அவனுக்குச் சிலேட்டு. மலாயாவுக்கு வட்டித் தொழில் செய்ய வந்த நகரத்தார்களின் கிட்டங்கிகளைப் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கண்டவர்கள் அறிவார்கள்: நீண்ட கூடத்தின் தரையில் ஒவ்வொருவருக்கும் ஓரிடம், ஒரு மரப்பெட்டி, அதன் முன் ஒரு பாய். பகலில் அது அலுவலகம், இரவில் அதுவே படுக்கை. இலட்சக்கணக்கான வெள்ளி கைமாறிய அலுவலகங்களில் ஒரு நாற்காலிகூட இல்லை. அதே நகரத்தார்கள் ஊரில் கட்டிய வீடுகளுக்கு ஆத்தங்குடியில் கண்ணாடிமேல் வார்த்த பூவேலை ஓடுகளையும், கப்பலில் வந்த இத்தாலியப் பளிங்கையும் பதித்தார்கள் என்பது வேறு கதை. தரையில் அமர்வது நமக்குப் பழக்கம். தரையை எவ்வாறு வைத்துக்கொள்வது என்பதும் நமக்குத் தெரிந்தே இருந்தது.

ஆயினும் ஓர் ஊரின் அறிவு இன்னோர் ஊரின் மழைக்கு ஈடுகொடுப்பதில்லை. தமிழ்நாட்டின் ஆண்டு மழை சராசரியாக 1000 மில்லிமீட்டருக்கும் குறைவு. ஈப்போ வட்டாரத்தில் அது 2000 மில்லிமீட்டரையும் தாண்டும். அங்கே காய்ந்து இறுகும் மெழுகுதரை இங்கே ஈரம் கோத்துக்கொண்டே இருக்கும். மேலும், அங்கே ஒரு குடும்பம் தன் கையால் போட்ட தரை அது. இங்கே தோட்ட நிருவாகம் வரிசையாகக் கட்டிய லயத்தில், ஏறத்தாழ பத்தடிக்குப் பத்தடி அறையில், எத்தனை பேரை அடைத்தார்களோ அத்தனை பேருக்கும் அதுவே சமையலறை, படுக்கையறை, பிள்ளை பெறும் அறை.

லயங்களில் இரு வகை இருந்தன. ஒரு வகை, தூண்களின்மேல் பலகைத் தளம் இட்டது. ஈரம் ஏறாது, ஆனால் பலகை இடுக்கு வழியே எல்லாம் கீழே விழும், அடியில் அடுப்பெரிப்பார்கள், ஆடும் கோழியும் கட்டுவார்கள். மற்றது, தரையோடு தரையாகக் கட்டியது. இரண்டாவது வகையில் தரை மண்ணாக இருந்த காலம்தான் நம் பாட்டன்மார் அனுபவித்த காலம். என் பாட்டி சிமெண்டுத் தரை போட்ட வீட்டில் குடியேறிய பிறகும் பல ஆண்டுகள் வாசற்படியில் நின்று காலை உதறிவிட்டுத்தான் பாயில் ஏறுவார். ஏன் பாட்டி என்று கேட்டால், "மண்ணு கூடவே வரும்டா" என்பார். அந்த மண்ணோடு என்ன வந்தது என்பதைத்தான் இனிச் சொல்லப் போகிறேன்.

கொக்கிப்புழு என்று ஒன்று உண்டு. அரை அங்குலத்திற்கும் குறைவான நீளம். மனிதனின் சிறுகுடலில் பற்றிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும். இதன் முட்டை மலத்தின் வழி வெளியேறி மண்ணில் விழுகிறது. ஈரமும் நிழலும் வெதுவெதுப்பும் கிடைத்தால் பொரிந்து இளம்புழுவாகிறது. அவ்விளம்புழு, வெறுங்காலோடு வருபவருக்காகக் காத்திருக்கிறது. அது தோலைத் துளைத்து உள்ளே செல்கிறது என்பதைக் கெய்ரோவில் ஆர்தர் லூஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1890களின் இறுதியில் கண்டறிந்தார். ஆய்வுக்கூடத்தில் புழுக்கள் நிறைந்த நீர் அவர் கையில் சிந்தியது. தோல் அரித்துச் சிவந்தது. சில வாரங்கள் கழித்து அவருடைய மலத்திலேயே முட்டைகள் காணப்பட்டன. நோய் வாய் வழியே மட்டும் வருவதில்லை, கால் வழியேயும் வரும் என்பது அன்றைய மருத்துவ உலகம் எளிதில் நம்பாத செய்தி.

இப்புழு முதன்முதலாகப் பெரும் தொழில் நோயாக அறியப்பட்டது நம் நாட்டில் அன்று. குளிர் மிகுந்த சுவிட்சர்லாந்தில். 1872 முதல் 1882 வரை ஆல்ப்சு மலையைக் குடைந்து கோத்தார்டு இரயில் சுரங்கம் வெட்டினார்கள். ஏறத்தாழ 15 கிலோமீட்டர் நீளம். உள்ளே வெப்பம், சேறு, கழிப்பிடம் இல்லாமை. இத்தாலியத் தொழிலாளர்கள் வெளுத்து, மூச்சிரைத்து, நடக்க இயலாமல் வீழ்ந்தனர். 1880இல் துரின் நகரப் பேராசிரியர் பெரோன்சித்தோ, அந்நோய்க்குக் காரணம் கொக்கிப்புழுவே என்று நிறுவினார். குற்றவாளி சுரங்கத்தின் தரை. அடுத்து 1902இல், இங்கிலாந்தின் கார்ன்வாலில் டோல்கோத் என்னும் ஈயச் சுரங்கத்தில் இதே இரத்தசோகை இருப்பதை ஜே.எஸ். ஹால்டேன் கண்டறிந்தார்.

கார்ன்வால் என்றதும் எங்கள் வட்டாரத்தார் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். சிம்பாங் பூலாயிலிருந்து சிறிது தூரத்தில் இருக்கும் கோப்பெங்கின் ஈயச் சுரங்க நிறுவனம் 1892இல் தொடங்கப்பட்டபோது அதன் வேர் கார்ன்வாலின் ரெட்ரூத் நகரத்தில்தான் இருந்தது. அந்த ஊர்ச் சுரங்கப் பொறியாளர்கள் இங்கே வந்தார்கள்; இங்கிருந்து அங்கே போனார்கள். சுரங்கத் தொழில் உலகைச் சுற்றியபோது புழுவும் கூடவே சுற்றியது. ஏழை நாட்டு நோய், கறுப்பர் நோய் என்றெல்லாம் அதற்குப் பெயர் சூட்டியவர்கள் இதைச் சற்று எண்ணியிருக்கலாம்.

ரப்பர்த் தோட்டம் இப்புழுவுக்கென்றே அமைக்கப்பட்டது போன்ற இடம். மர நிழல், எந்நேரமும் ஈரம், உதிர்ந்த இலையின் கீழே வெதுவெதுப்பான மண், விடியலில் வெறுங்காலோடு நிறைநிறையாகச் செல்லும் பால்மரம் வெட்டுவோர், கழிப்பிடம் இல்லாத லயம். பால் வெட்டுபவருக்கு அலுவலகம் என்பது அந்த மரங்களின் அடி. அவருடைய பணியிடத் தரைக்கு எவரும் பொறுப்பேற்கவில்லை. ராக்கஃபெல்லர் அறநிறுவனம் 1915 முதல் 1917 வரை ஒரு மருத்துவக் குழுவைக் கீழை நாடுகளுக்கு அனுப்பியது. டார்லிங், பார்பர், ஹாக்கர் ஆகிய மூவரும் மலாயா, ஜாவா, ஃபிஜித் தீவுகளில் கொக்கிப்புழுவையும் மலேரியாவையும் ஆராய்ந்து எழுதிய அறிக்கை 1920இல் வெளிவந்தது. மூன்று நாடுகளுமே தோட்டத் தொழில் செழித்த இடங்கள் என்பது தற்செயல் அன்று. நோயாளித் தொழிலாளி குறைவாக வேலை செய்வான் என்னும் கணக்கு அந்த ஆராய்ச்சிக்குப் பின்னால் இருந்தது. அந்தக் கணக்கு இல்லாவிடில் எவரும் வந்து பார்த்திருக்க மாட்டார்கள் என்றே நான் கருதுகிறேன்.

ஒரு புழு நாளொன்றுக்கு உறிஞ்சும் இரத்தம் அதன் இனத்தைப் பொறுத்து ஏறத்தாழ 0.03 முதல் 0.2 மில்லிலிட்டர் வரை. சிறிதுதானே என்று தோன்றும். ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குக் கணக்காகக் கொடுத்துப் பாருங்கள். குறைந்த அளவையே எடுத்துக்கொண்டாலும், ஒருவர் உடலில் நூறு புழுக்கள் இருந்தால் நாளுக்கு 3 மில்லிலிட்டர், மாதத்திற்கு 90 மில்லிலிட்டர். ஆண்டு முழுவதும் கூட்டினால் ஒரு லிட்டரைத் தாண்டும். மரவள்ளிக்கிழங்கும் கருவாடும் உண்ட உடல் அந்த இழப்பை எங்கிருந்து ஈடு செய்யும்? கருவுற்ற பெண்ணின் நிலை என்ன?

இப்படி வெளுத்துச் சோர்ந்தவர்களைத்தான் உலகெங்கும் சோம்பேறிகள் என்றார்கள். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் ஏழை வெள்ளையர்களையும் அவ்வாறே இகழ்ந்தார்கள். அவர்களிடம் இருப்பது சோம்பல் அன்று, கொக்கிப்புழு என்று சார்லஸ் ஸ்டைல்ஸ் 1902இல் கூறியபோது, அந்நாட்டுச் செய்தித்தாள்கள் அதைச் 'சோம்பல் கிருமி' என்று எள்ளி நகையாடின. நம் வட்டாரத்து மக்களைச் சோம்பேறிகள் என்று குடியேற்ற ஆட்சியாளர்கள் எழுதி வைத்ததைப் பேராசிரியர் சைட் ஹுசேன் அலாத்தாஸ் 1977இல் தம் நூலில் தோலுரித்துக் காட்டினார். அவர் முதன்மையாகப் பேசியது மலாய்க்காரர், ஜாவானியர், பிலிப்பினோ மக்களைப் பற்றி. தோட்டத் தமிழரைப் பற்றிய வசைமொழிகளுக்கும் அது பொருந்தும். கங்காணியின் பிரம்பு விழுந்த முதுகுகளில் எத்தனை, புழு தின்ற உடலைச் சேர்ந்தவை என்று எவரால் இன்று எண்ணிச் சொல்ல முடியும்?

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தோட்டத்தில் சிமெண்டே இல்லாமல் இல்லை. ரப்பர்ப் பாலை உறைய வைத்துத் தாளாக அழுத்தும் ஆலையில் சிமெண்டுத் தரை இருந்தது. நீர் வடியச் சரிவு, ஓரத்தில் கால்வாய், தினமும் கழுவித் தேய்ப்பதற்கு ஆள். ஏனெனில் ரப்பர்த் தாளில் ஒரு துளி மண் ஒட்டினாலும் தரம் குறையும். தரம் குறைந்தால் விலை குறையும். ஆலையின் தரை வேலை செய்பவருக்காகப் போடப்பட்டதன்று, சரக்குக்காகப் போடப்பட்டது. அந்த ஈரத் தரையில் அமிலம் கலந்த நீரில் நாள் முழுதும் நின்ற பெண்களுக்குக் கால்விரல் இடுக்குகள் வெந்து போயின. ஆயினும் அந்தச் சிமெண்டில் புழு வளரவில்லை. பாலுக்குக் கிடைத்த தரை, பால் எடுத்தவரின் குழந்தைக்குக் கிடைக்கப் பல ஆண்டுகள் ஆயின.

இதைவிடக் கூர்மையான காட்சி வேண்டுமானால் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கோப்பெங் - பத்து காஜா சாலைக்குச் செல்லுங்கள். கெல்லி மாளிகை அங்கே நிற்கிறது. ஸ்காட்லாந்திலிருந்து வந்த வில்லியம் கெல்லி ஸ்மித், ரப்பரிலும் ஈயத்திலும் பொருளீட்டி, 1915இல் இம்மாளிகையைக் கட்டத் தொடங்கினார். இதற்கெனச் சென்னை மாகாணத்திலிருந்து எழுபது தொழிலாளர்களை வரவழைத்தார் என்றும், செங்கல்லும் பளிங்கும்கூட இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தன என்றும் சொல்லப்படுகிறது. பளிங்கு மலையைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு, பளிங்கைக் கடல் கடந்து வரவழைப்பது! பணம் செய்யும் வேடிக்கை அது. அவ்வேளையில் கொள்ளை நோய் பரவித் தொழிலாளர் பலர் மாண்டனர். அவர்களின் வேண்டுகோளுக்கிணங்கி அருகிலேயே மாரியம்மன் கோவில் எழுந்தது. அதன் மேற்புறத்தில் துரை உடையில் ஓர் உருவம் இன்றும் நிற்பதைக் காணலாம். 1926இல் லிஸ்பன் நகரில் ஸ்மித் இறந்தார். மாளிகை முற்றுப்பெறவே இல்லை. சுற்றுலாப் பயணிகள் அங்கே பேய்க்கதை கேட்கிறார்கள். மாளிகையைக் கட்டியவர்கள் இரவில் எந்தத் தரையில் படுத்தார்கள் என்று நம் பிள்ளைகளாவது கேட்கட்டும்.

சட்டங்கள் மெல்ல வந்தன. 1912, 1923 ஆகிய ஆண்டுகளின் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் குடியிருப்பு, மருத்துவம், பள்ளி ஆகியவற்றைத் தோட்ட முதலாளியின் கடமையாக்கின. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் பள்ளி அமைக்க வேண்டும் என்னும் விதி அக்காலத்தது. அவ்வாறு தோன்றிய பள்ளிகள் எவ்வாறு இருந்தன என்பதை மூத்த ஆசிரியர்களைக் கேட்டால் சொல்வார்கள்: கோவில் கொட்டகை, காலியான லய அறை, ஆயாக் கொட்டகையின் ஓரம். கிராணி வீட்டு மாட்டுக் கொட்டகை இதைவிட மேல் என்று ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் என்னிடம் சொன்னார். நாடு விடுதலை பெற்ற பின், தொழிலாளர் குடியிருப்புக்கான குறைந்தபட்சத் தரச் சட்டம் 1966இல் வந்தது. பிறகு 1990இல் அதற்கு மாற்றாக 446ஆம் சட்டம் வந்தது. அப்பொழுது தோட்டங்களே துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் கொண்டிருந்தன. நல்ல தரைக்கான சட்டம் முழுமை பெற்ற நேரத்தில், அந்தத் தரையை விட்டு மக்கள் வெளியேறிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வந்து சேர்ந்த இடங்கள் ஈப்போவைச் சுற்றிய அடுக்குமாடிகளும் தொழிற்பேட்டைகளும்.

ஒரு சிமெண்டுத் தரை உண்மையில் எவ்வளவு மாற்றத்தைச் செய்யும்? நம் தோட்டங்களில் இதை எவரும் முறையாக அளந்து பார்க்கவில்லை. மெக்சிகோவில் அளந்தார்கள். அந்நாட்டின் கோவாவீலா மாநிலம் 2000ஆம் ஆண்டில், மண்தரை வீடுகளுக்கு 50 சதுர மீட்டர் வரை சிமெண்டுத் தரை போட்டுத் தரும் திட்டத்தைத் தொடங்கியது. பக்கத்து மாநிலத்தில், எல்லைக்கு அப்பால் அதே நிலையில் இருந்த குடும்பங்களுக்கு அது கிடைக்கவில்லை. இரண்டையும் ஒப்பிட்ட பொருளியல் ஆய்வு 2009இல் வெளிவந்தது. வீடு முழுவதும் மண்தரை சிமெண்டாக மாறினால் சிறுவர்களின் குடற்புழுத் தொற்று 78 விழுக்காடும், இரத்தசோகை 81 விழுக்காடும், வயிற்றுப்போக்கு 49 விழுக்காடும் குறைவதாக அது கணக்கிட்டது. சிறுவர்களின் அறிவு வளர்ச்சித் தேர்வுகளிலும் முன்னேற்றம் தெரிந்தது. தாய்மார்களின் மனச்சோர்வும் மன அழுத்தமும்கூடக் கணிசமாகக் குறைந்திருந்தன. மருந்து இல்லை, அறிவுரை இல்லை. தரை மட்டுமே மாறியது.

இந்த ஆய்வைப் படித்தபோது எனக்கு ஏற்பட்டது மகிழ்ச்சியன்று, சினம். எண்பது தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பு கரும்பலகையில் எழுத்துக் கூட்டத் தெரியாமல் 'மக்கு' என்று பெயர் வாங்கி, பத்து வயதில் அம்மாவோடு மங்கு துடைக்கப் போன பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன்.

இனி இன்றைய பள்ளிக்கு வருவோம். கொக்கிப்புழுவின் காலம் நம் பள்ளிகளில் பெரும்பாலும் முடிந்துவிட்டது. நாட்டின் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் பல, புதிய கட்டடங்களைக் கண்டுள்ளன. பகுதி உதவி பெறும் பள்ளிகள், நிலம் தோட்டத்தினுடையது என்னும் காரணத்தால் பட்ட பாடு தனிக் கட்டுரைக்குரியது. அத்தனை போராட்டத்திற்குப் பிறகு கிடைத்த கட்டடத்தில், பளபளப்பான தரை வேண்டும் என்று நம்மவர் விரும்புவதன் பொருள் எனக்குப் புரியாமல் இல்லை. மண்தரையில் வளர்ந்தவரின் பேரப்பிள்ளைக்கு, முகம் தெரியும் தரை ஒரு வெற்றிச் சின்னம். எனினும் அதன் மேல் வேலை செய்பவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்லத்தான் வேண்டும்.

கெட்டியான தரையும் கெட்டியான சுவரும் ஒலியை விழுங்குவதில்லை, திருப்பி அடிக்கின்றன. 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் ஒரு புதிய விரிவுரைக் கூடத்தைக் கட்டியது. பேராசிரியர் பேசுவது எவருக்கும் விளங்கவில்லை. வாலஸ் சபைன் என்னும் இளம் இயற்பியல் ஆசிரியரிடம் அச்சிக்கலை ஒப்படைத்தார்கள். அவர் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவுதோறும் சுமந்து வந்து பரப்பி, ஒலி எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று அளந்தார். வெறுங்கூடத்தில் ஒரு சொல் ஐந்தரை விநாடி வரை எதிரொலித்துக்கொண்டே இருந்தது. அதற்குள் பேராசிரியர் பத்துப் பதினைந்து சொற்களைப் பேசிவிடுவார். வகுப்பறையில் எதிரொலி 0.6 விநாடியைத் தாண்டலாகாது என்பது இன்று உலகில் பரவலாக ஏற்கப்பட்ட அளவு. நம் ஓடு பதித்த வகுப்பறையில் முப்பத்தைந்து நாற்காலிகள் ஒரே நேரத்தில் இழுபடும் ஓசையைக் கேட்டவருக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை. நாம் குரலை உயர்த்துகிறோம். பிள்ளைகள் அதற்கு மேல் உயர்த்துகிறார்கள். மாலையில் தொண்டை கட்டுகிறது. லகர, ளகர, ழகர வேறுபாட்டைக் காதால் கேட்டுத்தான் பிள்ளை கற்க வேண்டும். எதிரொலியில் கரைவது முதலில் இவ்வேறுபாடுகளே. நாற்காலிக் கால்களுக்கு ரப்பர்க் குல்லாய் போடுவதற்குச் சில வெள்ளிதான் ஆகும். ரப்பர் நாட்டில் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அடுத்தது நிற்பது. நாம் நின்று வேலை செய்யும் இனம். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எமக்குக் கரும்பலகையில் எழுதும்போது எவ்வாறு நிற்க வேண்டும் என்று கற்பித்தார்கள். எதன்மேல் நிற்க வேண்டும் என்று கற்பிக்கவில்லை. தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 1994இல் வந்தது. அதன் கீழ், நின்று வேலை செய்வோருக்கென்றே ஒரு வழிகாட்டியைத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரத் துறை 2002இல் வெளியிட்டது. 2022இல் திருத்தப்பட்டு 2024 ஜூன் முதல் நாள் நடப்புக்கு வந்த சட்டம், ஏறக்குறைய எல்லாப் பணியிடங்களையும் தன் குடைக்குள் கொண்டு வந்துள்ளது. பலகைத் தளம் காலடியில் சற்றே நெகிழும். சிமெண்டின்மேல் ஒட்டிய ஓடு நெகிழாது. என் பழைய பள்ளியில் பலகைத் தளமிட்ட ஒரு கட்டடமும் ஓடு பதித்த ஒரு கட்டடமும் அருகருகே இருந்தன. நேர அட்டவணை போடும்போது மூத்த ஆசிரியைகள் பலகைக் கட்டடத்தையே கேட்டு வாங்குவார்கள். அது பழைமைப் பற்று என்று இளையவர்கள் சிரிப்பார்கள். அவர்களுடைய முழங்கால்கள் பேசிய நியாயம் அது.

மூன்றாவது வழுக்கல். மழைச்சாரல் விழும் நடைபாதையில் மெருகேற்றிய ஓடு பதிக்கலாகாது. சொரசொரப்பான ஓடு கடையில் அதே விலைக்கே கிடைக்கிறது. ஈப்போவின் பழைய கடைவீடுகளின் ஐந்தடி நடைபாதையைப் பாருங்கள். பூவேலை சிமெண்டு ஓடுகள், மெருகில்லாதவை, தலைமுறைகள் நடந்தும் அழகு குன்றாதவை. அழகையும் காலையும் ஒருசேர எண்ணிப் பார்த்தவர்கள் அவற்றைப் பதித்திருக்கிறார்கள்.

பள்ளியில் தரையை நன்கு அறிந்தவர் தலைமையாசிரியரோ குத்தகையாளரோ அல்லர். அதை நாள்தோறும் துடைப்பவர். எந்த ஓடு ஆடுகிறது, எங்கே நீர் தேங்குகிறது, எந்த மூலையில் பிள்ளைகள் விழுகிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். கட்டடக் கூட்டத்திற்கு அவரை எவரும் அழைப்பதில்லை. சென்ற பருவத்தில் எங்கள் பள்ளித் துப்புரவுப் பணியாளர் அம்மையாரோடு வகுப்பு முடிந்தபின் ஒருமுறை நடைபாதை நெடுகிலும் நடந்தேன். "இங்க வழுக்கும் சார், இங்கயும் வழுக்கும்" என்று அவர் காட்டிய இடங்களை வெண்கட்டியால் வட்டமிட்டுக்கொண்டே வந்தேன். மொத்தம் ஏழு வட்டங்கள். அவற்றுள் நான்கு, முதலாம் ஆண்டு வகுப்புகளுக்கு நேர் எதிரே இருந்தன.